கார்டு பெட்டி கடக்கும் நேரம்

ஓலையாங்குறிச்சி ஹால்ட்டில் ரயில் ஒரு நிமிடம் நிற்கும். அட்டவணையில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பின்னால் எக்ஸ்பிரஸ் ஏதாவது விரட்டிக்கொண்டு வந்தால் அந்த நிமிடம் நாற்பது நொடியாகச் சுருங்கும். ஏறுகிறவர்களில் முழங்கால் வலிக்காரர் யாராவது இருந்தால் ஒன்றரை நிமிடமாக நீளும். காலை ஏழு நாற்பதுக்குத் திருச்சி போகிற வண்டி ஒன்று, மாலை ஐந்து ஐம்பதுக்கு விருத்தாசலம் திரும்புகிற வண்டி ஒன்று. ஆக ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம்தான் அது ஸ்டேஷன். மிச்ச நேரமெல்லாம் முந்திரிக் காட்டுக்கு நடுவில் ஒரு பெயர்ப்பலகை, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஓர் அறை, இரண்டு சிமெண்டு பெஞ்சு, ஒரு புங்கமரம்.

அதற்கும் ஒரு காலம் இருந்தது. எழுபதுகளில் ஊர்க்காரர்கள் மனு மேல் மனுவாகப் போட்டு, அதிகாரி ஒருவரை மாட்டுவண்டியில் கூட்டிவந்து, கோழி அடித்துச் சோறு போட்டு வாங்கிய ஹால்ட் அது. மீட்டர் கேஜ் ஓடிய நாளில் ஆறு வண்டி நின்றது. கொட்டை விற்கப் போகிறவர்கள், பால்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், அரியலூர் கோர்ட்டுக்கு வாய்தாவுக்குப் போகிற பங்காளிகள் என்று பிளாட்பாரம் கொள்ளாது. வாதியும் பிரதிவாதியும் ஒரே பெட்டியில் ஏறிப் போய், ஒரே வண்டியில் திரும்பி வந்து, இறங்கிய பிறகு மறுபடியும் முறைத்துக்கொள்வார்கள். அகலப்பாதை போட்டபோது ஆறு நான்கானது. கொரோனாவில் எல்லாம் நின்று, திரும்பி வந்தபோது இரண்டு வந்தது. அதற்குள் ஊரில் வீட்டுக்கு ஒரு மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. இப்போது காலை வண்டிக்கு எட்டுப் பேர் சேர்ந்தால் அது கூட்டம்.

அந்த எட்டுப் பேருக்கு டிக்கெட் கொடுப்பவர் உத்திராபதி. கொடுத்தவர் என்று சொல்ல வேண்டும். இருபத்திரண்டு வருசமாக அவர்தான் ஹால்ட் ஏஜெண்ட். ரயில்வே சம்பளக்காரர் அல்ல. பெரிய ஸ்டேஷனில் அட்டை டிக்கெட்டை மொத்தமாக வாங்கிவந்து, தேதி குத்தி விற்று, சொற்பமான கமிஷன் எடுத்துக்கொள்கிறவர். பிளாட்பாரம் கூட்டுவது, தண்ணீர்ப் பானை நிரப்புவது, தரையோடு தரையாகக் கிடக்கும் பிளாட்பாரத்திலிருந்து பெட்டிக்குள் ஏற முடியாத கிழங்களுக்கு ஒரு மரப்படியைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எல்லாம் அந்தக் கமிஷனுக்குள் அடக்கம். போன வருசம் மாசி மகத்தன்று சாயங்கால வண்டியை அனுப்பிவிட்டு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றக் குனிந்தார், குனிந்தவர் நிமிரவில்லை. வலது கையும் காலும் பேச்சும் அன்றோடு போயின.

அன்றிலிருந்து டிக்கெட் கொடுப்பது அவர் மனைவி முத்தாயி. ஐம்பத்து நான்கு வயது, ஒன்பதாம் வகுப்பில் பாதி வரை படிப்பு, கூட்டல் கழித்தலில் புருசனைவிடக் கெட்டி. ஆனால் ரயில்வேயைப் பொறுத்தவரை உத்திராபதி இன்றும் ஓடியாடி வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அப்படித்தான் முத்தாயி வைத்திருந்தாள்.

பொய்யை ஆரம்பித்துவைத்தது அவள் மருமகன். உத்திராபதி திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்த பதினொரு நாளும் அவன்தான் வேப்பந்தட்டையிலிருந்து வந்து டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தான். வண்டியோடு வரும் கார்டு விசாரித்ததற்கு, "மாமா வேண்டுதலுக்குக் கோயிலுக்கு நடந்து போயிருக்காருங்க" என்றான். ஆள் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் ஏஜென்ஸியை எடுத்துவிடுவார்கள் என்று அவனுக்குப் பயம். அந்தப் பயத்தை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, சின்ன வெங்காயம் பிடுங்க வேண்டும் என்று ஊர் போய்ச் சேர்ந்தான். அதன்பிறகு பொய்ப் பாரம் முழுக்க முத்தாயி தலையில்.

கார்டிடம் அவளுக்குப் பேசக் கிடைப்பது வண்டி நகர்ந்த பிறகுதான். டிக்கெட் அறை பிளாட்பாரத்துக்கு நடுவில். வண்டி நிற்கும்போது கார்டு பெட்டி கடைசியில், தூரத்தில் இருக்கும். கிளம்பியதும் அது மெதுவாக அவளைக் கடக்கும். ஆறேழு நொடி. மூன்று கார்டுகள் மாறி மாறி வருவார்கள். அதில் அரங்கநாதன் சார்தான் வாய் பேசுகிறவர். முதல் சில வாரம் அவர், "எங்க உத்திராபதியக் காணும்?" என்று கேட்பார். அவளும் ஆறேழு நொடிக்கு அளவான பொய் ஒன்றைத் தயாராக வைத்திருப்பாள். ரேசன் கடைக்கு, கொட்டை பொறுக்க, சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்ட. சொல்லிச் சொல்லிச் சரக்குத் தீர்ந்துபோய்க் கல்யாணங்களுக்கு அனுப்ப ஆரம்பித்தாள். பிறகு சாவுகளுக்கு. இந்தப் பதினாலு மாதத்தில் புருசன் வகையறாவில் நல்ல ஆரோக்கியமாக இருந்த மூன்று பேரை அவள் சாகடித்திருந்தாள்.

ஒரு கட்டத்தில் அரங்கநாதன் சார் கேட்பதை நிறுத்திவிட்டார். "இன்னிக்கு எத்தன டிக்கெட்டு முத்தாயி?" என்பதோடு சரி. கேட்காமலே அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "அவரு இப்பத்தான் சார் அந்தப் பக்கம் போனாரு." அவர் தலையை ஆட்டியபடி போய்விடுவார். மனுசனை மறந்தேவிட்டார்கள் என்று அவளுக்குத் தோன்றும். இருபத்திரண்டு வருசம் டிக்கெட் கொடுத்த ஆளை, ஒரு வருசத்தில்.

வீடு பிளாட்பாரத்தின் வடக்கு முனையைத் தாண்டி, வேலிக்கருவைப் புதருக்கு அந்தப் பக்கம், தனியாக இருந்தது. ஊர் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர். ஆள் விழுந்த புதிதில் பார்க்க வந்தவர்களை முத்தாயி வாசலோடு திருப்பினாள். "தூங்குறாருங்க. லேசா கை மரத்துருக்கு, சரியாயிடும்" என்பாள். உள்ளே விட்டால் பார்ப்பார்கள், பார்த்தால் பேசுவார்கள், பேச்சு ரயில் ஏறும். நாலு முறை திரும்பிப் போனவர்கள் ஐந்தாம் முறை வரவில்லை. அவள் நினைத்தபடியே நடந்தது, அதனால் அவளுக்குப் பேச ஆளில்லாமல் போனது.

விடியற்காலை எழுந்து கொள்ளிக்கட்டையைத் தட்டி அடுப்பு மூட்டுவாள். கேழ்வரகுக் கூழைக் கட்டியில்லாமல் கரைத்து அவருக்கு ஊட்டுவாள். ஓரமாக வழிவதைத் துடைத்து மறுபடி ஊட்டி, கிண்ணம் காலியாக அரைமணி. பிறகு அவரைத் தோளில் சாய்த்துக் கொல்லைக்குக் கொண்டுபோய், வேப்பமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் கிடத்திவிட்டுத்தான் டிக்கெட் பெட்டியை எடுக்க வேண்டும். கொஞ்சம் பிந்தினால் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் போடுவார். காலையிலும் அப்படி, மாலையிலும் அப்படி. காற்றுக்கு ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு இடுப்பு வலியோடு இழுத்துக்கொண்டு போவாள். முன்பெல்லாம் ஊட்டும்போது ஏதாவது பேசுவாள். பதில் வராத பேச்சை எத்தனை நாள் பேச முடியும்? சில மாதமாக அதுவும் இல்லை. சில நாள் அந்தக் கார்டிடம் சொல்கிற பொய்தான் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வந்த முழு வாக்கியமாக இருக்கும்.

சித்திரை பிறந்து பத்தாம் நாள் சாயங்கால வண்டியில் அந்தக் கடிதம் வந்தது. அரங்கநாதன் சார் கடக்கும்போது குனிந்து கையில் கொடுத்தார். "படிச்சுப் பாரு முத்தாயி. புதன்கெழம" என்றார். அதற்குள் வண்டி போய்விட்டது.

ஒப்பந்தக் காலம் முடிகிறது. புதுப்பிக்க இன்ஸ்பெக்டர் புதன்கிழமை காலை வண்டியில் நேரில் வருவார். ஏஜெண்ட் தம் கையால் கையெழுத்திட வேண்டும். மூன்று முறை படித்தாள். மாதாமாதம் போகிற கணக்குத் தாளில் அவர் கையெழுத்தை அவள்தான் போட்டுக்கொண்டிருந்தாள், காலண்டர் தாளின் பின்பக்கம் பழகிப் பழகி. கண் எதிரில் எப்படிப் போடுவது?

மகள் தேவயானிக்குப் போன் செய்தாள்.

"போனாப் போவட்டும்மா" என்றாள் தேவயானி. "அப்பாவத் தூக்கிக்கிட்டு இஞ்ச வந்துடு. பெரம்பலூர் இருவது நிமிசம், எக்ஸசைஸ் குடுக்க ஆள் இருக்கு. அந்தப் பொட்டக் காட்டுல யாரப் பாத்துக்கிட்டுக் கெடக்குற?"

"ஒன் மாமியா ஒரு நாளு வச்சிருப்பா. ரெண்டு நாளு வச்சிருப்பா."

"அத நான் பாத்துக்கறேன்."

"நா வுட்டுட்டா வேற யாரு எடுப்பா இத? ஆளில்லன்னா வண்டி நிக்காது. ஒங்கப்பன் காலு ஒடிய நின்ன எடம்டி."

"அவருக்கு இப்ப அது தெரியவாம்மா போவுது?"

முத்தாயி போனை வைத்துவிட்டாள். அவரைச் சொல்லிக்கொண்டாலும் அவளுக்கே தெரியும், பயம் தன்னைப் பற்றியது. மகள் வீட்டு மூலையில் ஒரு கட்டிலும் அதன் காலடியில் ஒரு பாயுமாகக் கிடக்கிற வாழ்க்கை. இங்கே காலையில் ஆறேழு நொடி, மாலையில் ஆறேழு நொடியாவது பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார். அதுவும் போனால் முத்தாயி என்று கூப்பிட ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

மறுநாள் காலை வண்டிக்குச் செல்வம்மாள் வந்தாள். லால்குடிப் பக்கம் முந்திரிப்பருப்பு கொண்டுபோய் விற்கிறவள், அறுபதைத் தாண்டியவள். கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டிலிருந்து கசியும் பாலெண்ணெய் பட்டு அவள் விரலெல்லாம் கறுத்துத் தோலுரிந்திருக்கும். தினமும் ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிடுவாள். டிக்கெட்டுக்கு மேல் பேச்சு வைத்துக்கொள்வதில்லை, அன்று கேட்டாள்.

"ஏ முத்தாயி, மூஞ்சி ஏன் இப்புடி வாடிக் கெடக்கு?"

"வெயிலுக்கா."

"வெயிலு எனக்கும்தான் அடிக்குது." செல்வம்மாள் வெற்றிலையை மடித்துக்கொண்டே கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தாள். "எதும் ஒத்தாச வேணும்னா சொல்லு."

"ஒண்ணுமில்லக்கா. அவரு இருக்காருல்ல."

செல்வம்மாள் மடியிலிருந்து ஒரு பிடி பச்சை முந்திரிப்பருப்பை எடுத்துக் காகிதத்தில் வைத்தாள். "கொழம்பு வையி. மசிச்சுக் குடுத்தாப் பல்லு இல்லாதவங்களும் திம்பாங்க" என்றாள். உத்திராபதிக்குப் பல் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. அதை முத்தாயி அப்போது யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை இரவுக்குள் அவள் ஒரு திட்டத்துக்கு வந்துவிட்டாள். ஜன்னல் சின்னது, கம்பிக்குக் கீழே கை நுழைகிற அளவு ஒரு வளைவு. உள்ளே இருப்பவர் முகம் மட்டும்தான் தெரியும். அவரைக் கொண்டுபோய் உள்ளே உட்காரவைத்துவிட வேண்டும். கோணிய வாய்ப்பக்கம் சுவரைப் பார்க்க இருக்கட்டும். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லிக் கழுத்தில் துண்டைச் சுற்றிவிடலாம். தாளை உள்ளே வாங்கி, மேசை மறைவில் அவளே போட்டுவிடுவாள். யோசிக்க யோசிக்க அது நடந்துவிடும் போலத்தான் இருந்தது.

புதன்கிழமை ஐந்தரைக்கே வெள்ளைச் சட்டை போட்டுவிட்டு, முகம் மழித்து, விபூதி பூசி, அவரைத் தோளில் தாங்கிக் கிளம்பினாள். வீட்டிலிருந்து டிக்கெட் அறைக்கு முந்நூறு அடிக்குமேல் இருக்காது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. இடது காலை அவர் வைப்பார். வலது காலை அவள் தன் காலால் தள்ளி வைப்பாள். நடுவில் ஒரு முறை இருவரும் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டார்கள். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டாள். அவர் தலையைத் திருப்பித் திருப்பி வீட்டுப் பக்கமே பார்த்துக் கத்தினார்.

"சித்த சும்மா இருங்க, ஒங்களக் கும்புடுறேன்" என்றாள். "இன்னிக்கு ஒரு நாளு. கொல்ல எங்கயும் ஓடிப் போவாது."

நாற்காலியில் உட்காரவைத்து, சாயாமலிருக்க இடுப்பில் துண்டு போட்டுக் கட்டினாள். வேர்த்து ஊற்றியது. அன்று டிக்கெட் வாங்க வந்த ஐந்து பேரும் ஜன்னலில் அவர் முகத்தைப் பார்த்தார்கள், ஒருத்தரும் ஆச்சரியப்படவில்லை. செல்வம்மாள் மட்டும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்குப் போய்விட்டாள்.

ஏழு நாற்பத்திரண்டுக்கு வண்டி வந்து நின்றது. நடுப்பெட்டியிலிருந்து இன்ஸ்பெக்டர் இறங்கினார். சிவசுப்பிரமணியன் என்று கடிதத்தில் பெயர் இருந்தது. கைப்பையும் குடையுமாக, ஓய்வு பெறுகிற வயதில் ஒருவர். முத்தாயி கும்பிட்டபடி போய், "வாங்க சார், அவரு உள்ளதான் இருக்காரு, தொண்டதான் கொஞ்சம்..." என்று ஆரம்பித்தாள்.

முடிப்பதற்குள் வண்டியின் வால் பக்கத்திலிருந்து ஒரு சத்தம். அரங்கநாதன் சார் பெட்டியை விட்டுக் குதித்து, கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கனத்த உடம்போடு பிளாட்பாரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார்.

"முத்தாயி! ஏ முத்தாயி! உத்திராபதி எங்கம்மா? கட்டிலு காலியா கெடக்கே!"

அவளுக்கு எதுவும் விளங்கவில்லை. "எந்தக் கட்டிலு சார்?"

"ஒங்கொல்லைல வேப்பமரத்தடில போட்டுருப்பியே! தெனம் படுத்துருப்பாரு, வண்டியப் பாத்துக் கையத் தூக்குவாரு. இன்னிக்கு ஆளக் காணுமே. என்னம்மா ஆச்சு? நல்லாத்தான இருக்காரு?"

ஜன்னல் ஜன்னலாகத் தலைகள் நீண்டிருந்தன. "அந்தக் கட்டில்காரப் பெரியவருக்கு என்னாச்சுங்க?" என்று டிபன் கேரியரும் கையுமாக ஒருவர் கேட்டார். "நேத்திக்கூட டாட்டா காட்டுனாரே" என்றாள் கல்லூரிப் பெண்ணொருத்தி.

முத்தாயி வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக் கொல்லையை ஒட்டித் தண்டவாளம் மேட்டின்மேல் போகிறது. பிளாட்பாரத்தில் நிற்பவளுக்கு வேலிக்கருவைதான் தெரியும். பெட்டியில் இருப்பவர்களுக்கு வேலிக்கு மேலே கொல்லை முழுக்கத் தெரியும். காலை வண்டியின் கடைசிப் பெட்டி அங்கேதான் நிற்கிறது. மாலை வண்டியின் முன்பெட்டியும் அங்கேதான் நிற்கிறது. அந்த இரண்டு நிமிடமும் அவள் பிளாட்பாரத்தில் இருந்தாக வேண்டியவள். ஒரு நாளும் அங்கிருந்து பார்த்ததில்லை. ஊரும் ரயில்வேயும் பார்த்துவிடக் கூடாதென்று பதினாலு மாதம் பூட்டிப் பூட்டி வைத்த மனுசனை, நாள் தவறாமல் இரண்டு வேளையும் அவளே தூக்கிக் கொண்டுபோய் ஒரு முழு ரயிலுக்குக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

அறைக்குள்ளிருந்து தொண்டைச் சத்தம் வந்தது. ஜன்னல் வளைவுக்குள் நுழைந்து ஓர் இடது கை வெளியே நீண்டு ஆடியது. அரங்கநாதன் சார் ஓடிப்போய் அதைப் பிடித்துக்கொண்டார்.

"அட, இஞ்சயா இருக்கீங்க! ஒரு நிமிசத்துல என்னக் கொன்னுட்டீங்களேய்யா."

"அரங்கநாதன் சார்" என்றார் இன்ஸ்பெக்டர். "வண்டி நிக்குது."

மூன்று நிமிடம் தாமதமாக வண்டி கிளம்பியது. செல்வம்மாள் படிக்கட்டில் நின்றபடி ஏதோ சொன்னாள். காதில் விழவில்லை.

இன்ஸ்பெக்டர் பெஞ்சில் உட்கார்ந்து குடையைப் பக்கத்தில் சாய்த்தார். முத்தாயி பானைத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இனி மறைக்க என்ன இருக்கிறது?

"ஜெயில்ல போடுவாங்களா சார்?"

"எதுக்கு?"

"கையெழுத்து... நாந்தான் போட்டேன்."

"தெரியும்மா. உத்திராபதி கையெழுத்து இருவது வருசமாப் பாக்குறேன். அவரு கடைசி எழுத்துல ஒரு இழுப்பு இழுப்பாரு. நீங்க இழுக்கறதில்ல." அவர் தண்ணீரை முழுக்கக் குடித்தார். "இனிமே போடாதீங்க. அவரு இடது கைப் பெருவிரல வையுங்க, நான் சாட்சி போடறேன். இப்ப ஆறு மாசத்துக்கு நீட்டிக்கச் சொல்லி எழுதறேன். அதுக்குள்ள ஒங்க பேருக்கு மாத்தச் சொல்லி ஒரு மனு குடுங்க. கெடைக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். எழுதுவேன்."

அவள் கும்பிட்டாள். ஏஜென்ஸி இப்போதைக்குப் போகவில்லை. சந்தோசப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சுக்குள் வேறொன்று கிளம்பிக்கொண்டிருந்தது.

"ஒங்களுக்கு எப்பலேந்து தெரியும் சார்?"

"போன வருசம் பங்குனியில. நான் வாரத்துக்கு ரெண்டு நாளு இந்த லைன்ல போறவன்தானே."

"கார்டு சாருக்கு?"

"அவருதான் எனக்குக் காட்டுனாரு. மூணு கார்டுக்கும் தெரியும், டிரைவருங்களுக்கும் தெரியும். டிக்கெட் வாங்கப் போறீங்களே, அங்க புக்கிங்ல இருக்கறவங்களுக்கும் தெரியும்."

"செல்வம்மாக்காவுக்கு?"

"அவங்க தெனம் அந்த வண்டியிலதானேம்மா போறாங்க. பெட்டியில எல்லாரும் பேசறதுதானே."

முத்தாயி அவர் குடித்துவைத்த தம்ளரை எடுத்துப் பானைமேல் கவிழ்த்தாள்.

"அப்ப ஒருத்தராச்சும் கேட்டிருக்கலாமுல்ல சார்?" என்றாள். குரல் அவளை மீறி உயர்ந்தது. "பதினாலு மாசம் சார். அவரு கண்ணாலத்துக்குப் போயிருக்காரு, கருமாதிக்குப் போயிருக்காருன்னு பைத்தியக்காரி மாரி தெனம் ஒளறியிருக்கேன். எல்லாரும் தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டுப் போயிருக்கீங்க. அவரு எப்புடிம்மா இருக்காருன்னு, நீ எப்புடி இருக்கன்னு ஒரே ஒரு வார்த்த. அத்தன பேருல ஒருத்தருக்கு வாயில்லாமப் போச்சா?"

அவர் குடையின் கைப்பிடியைத் தடவினார்.

"கேட்டா நீங்க சொல்லுவீங்க. சொன்னா எங்களுக்குத் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சா எழுதியாகணும். எழுதுனா அன்னிக்கே எடுத்துருப்பாங்க. அதனால கேக்கக் கூடாதுன்னு அவங்களுக்குள்ள ஒரு கட்டுப்பாடு. நல்லதுன்னு நெனச்சுத்தாம்மா."

நல்லதுதான். அது நல்லது இல்லை என்று அவளால் சொல்ல முடியவில்லை. அதனாலேயே கோபம் போக்கிடமில்லாமல் அழுகையாக வந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, காலையில் கூட்டிய பிளாட்பாரத்தை மறுபடியும் முனையிலிருந்து முனைவரை கூட்டினாள். அவர் தடுக்கவில்லை. கைரேகை வாங்கிக்கொண்டு, குடையை விரித்து, மெயின் ரோட்டில் பஸ் பிடிக்க நடந்தார். தூரத்தில் சிமெண்டு லாரி ஒன்று வெள்ளைத் தூசி கிளப்பிப் போனது.

உத்திராபதியை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கப் பத்து மணியாயிற்று. பச்சை முந்திரிக் குழம்பில் சோற்றை மசித்து ஊட்டினாள். அவர் கண்ணையே பார்த்தாள். இந்த மனுசனுக்கு ஒரு ரயில் நிறைய ஆள் இருந்திருக்கிறார்கள். காலையில் கார்டு, மாலையில் டிரைவர், கல்லூரிப் பெண், டிபன் கேரியர்காரர். பேச்சுப் போன பிறகும் இவர் யாரையும் இழக்கவில்லை. நடக்கத் தெரிந்தவள், பேசத் தெரிந்தவள், நாளெல்லாம் ஸ்டேஷனில் நின்றவள், அவள்தான் தனியாக இருந்திருக்கிறாள். கட்டின புருசன்மேல் பொறாமையாக வந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அவர் சத்தம் போடுவதற்கு முன்பே கட்டிலைக் கொல்லையில் போட்டுக் கிடத்தினாள். தலைக்கு உயரமாக ஒரு மூட்டை வைத்தாள். "நல்லாப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

வண்டி வந்தது. நாலு பேர் இறங்கினார்கள். செல்வம்மாள் காலிக் கூடையோடு இறங்கி அவள் கையைப் பிடித்து ஒரு முறை அழுத்திவிட்டு ஊர்ப் பாதையில் நடந்தாள். இத்தனை நாள் பேசாமலிருந்த வாய்க்கு ஒரே நாளில் எங்கிருந்து பேச்சு வரும்? விசில் கேட்டது. வண்டி நகர்ந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகக் கடந்து, கடைசிப் பெட்டி வந்தது. அரங்கநாதன் சார் வாசல் கம்பியைப் பிடித்துக் குனிந்தார். டிக்கெட் எத்தனை என்று கேட்கவில்லை.

"நீ எப்படிம்மா இருக்க?"

"தூக்கமே இல்ல சார்" என்றாள் முத்தாயி. சொன்னதும் கால் தானாக நடக்க ஆரம்பித்தது. "ராவெல்லாம் அவருக்குக் காலு இழுக்குது. நீவி வுட்டுக்கிட்டே உக்காந்துருப்பேன். எனக்கு இடுப்புக் கழண்டு போவுது சார். மவ கூப்புடுறா, போவ மனசில்ல..."

பெட்டி அவளைத் தாண்டியது. அவள் வேகமாக நடந்தாள். அவர் இன்னும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். "சொல்லு, சொல்லு" என்று கை ஆட்டினார். அவள் ஓடினாள். "யாருகிட்டயும் சொல்ல முடியல சார். வூட்டுல மூச்சு வுடுற சத்தம் மட்டுந்தான் கேக்குது. ஒரு நாளு வெஷத்தக் குடிச்சிரலாமான்னுகூட..." வண்டி வேகமெடுத்துவிட்டது. கம்பியைப் பிடித்த கை சின்னதாகி, சட்டை வெள்ளை சின்னதாகி, பிறகு பெட்டி மட்டும் தெரிந்தது.

பிளாட்பாரம் எப்போதோ முடிந்திருந்தது. ஜல்லிமேல் நின்றுகொண்டு மூச்சு வாங்கினாள். சொல்ல வந்தது பாதிகூட ஆகவில்லை. தண்டவாள மேட்டில் சூடு இன்னும் இறங்கவில்லை. பக்கவாட்டில் திரும்பினாள்.

வேலிக்கு அப்பால், கீழே, அவள் வீட்டுக் கொல்லை கிடந்தது. வேப்பமரம், தண்ணீர்த் தொட்டி, கொடியில் காய்கிற அவள் புடவை. கட்டிலில் வெள்ளைச் சட்டையோடு அவர். இவ்வளவு ஒல்லியாகிவிட்டாரா? போய்விட்ட வண்டிக்காகத் தூக்கிய இடது கை இன்னும் இறங்கவில்லை. மேட்டில் நிற்கிற அவளைப் பார்த்ததும் அந்தக் கை நின்றது. பிறகு, ரயிலுக்கு ஆட்டுவது போலவே, அவளைப் பார்த்து மெல்ல ஆடியது.

முத்தாயியும் கையைத் தூக்கினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து, அங்கே நின்றபடியே, கட்டிலுக்குக் கேட்கும்படி உரக்கச் சொல்ல ஆரம்பித்தாள்.